நேரே போகிற பிளேன்

நேசமலரைப் பற்றி கொழும்பு வெள்ளவத்தையில் யாரிடம் கேட்டாலும், "அவவுக்கென்ன, உலகம் சுத்தின மனிசி" என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை. நோர்வேயின் வடக்கு முனையில், மார்கழி பிறந்தால் சூரியன் தலைகாட்டாத துரொம்சோவில் இருந்திருக்கிறாள். அவுஸ்திரேலியாவில், கரும்புக் காட்டுக்கு நடுவே வெயில் மண்டையைப் பிளக்கிற மக்காயிலும் இருந்திருக்கிறாள். இரண்டு ஊரிலும் அவள் பார்த்தது ஒரே காட்சிதான். ஒரு குசினி, ஒரு குளியலறை, காயப்போட்ட குழந்தைத் துணி. கடற்கரையையும் மலையையும் மற்றவர்கள் எடுத்து வந்த படங்களில் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தங்கை, மேனுகா. ஒரு தம்பி, ஜனா. தாய் போனபோது இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. தகப்பன் அதற்கு முன்னமே போய்விட்டார். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதி, இரண்டையும் அவள்தான் ஆளாக்கினாள். முப்பத்திரண்டு வயதில் வவுனியாவிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தம்பி படித்து முடிக்கட்டும் என்றாள். தம்பி முடித்தான், எஞ்சினியர் ஆனான், அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சுபோதினியைக் கட்டினான். மேனுகா துரொம்சோ மாப்பிள்ளை உமாசுதனைக் கட்டிக்கொண்டு போனாள். வவுனியாச் சம்பந்தம் காத்திருக்கவில்லை. காத்திருக்க அவர்களுக்கென்ன பைத்தியமா?

மேனுகா பிள்ளைத்தாச்சியானதும் ஒரு கேள்வி வந்தது. பேறு பார்க்க யார் போவது? எங்கள் சனம் எந்தத் தேசத்துக்குப் போய்க் குடியேறினாலும், பிள்ளை பிறந்தால் மல்லி, மிளகு, மஞ்சள் என்று சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க ஊரிலிருந்து ஒருத்தி வந்தாக வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் பொன்போலப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை. தாய் இல்லாத இடத்தில் மாமியார் போக வேண்டியதுதான் முறை. உமாசுதனின் தாயார் யாழ்ப்பாணத்தில் புருஷனோடு சுகமாகத்தான் இருந்தா. ஆனால், "எனக்கு அவ்வளவு தூரம் பிளேனில குந்தியிருக்க ஏலாது, குளிரும் ஒத்து வராது" என்று கையை விரித்துவிட்டா. ஆகவே நேசமலர் கடை முதலாளியிடம் சம்பளமில்லாத லீவு கேட்டு, வறுத்து இடித்த சரக்குத் தூளோடு பறந்தாள்.

ஹம்சிகா பிறந்தபோது தகப்பன்காரன் மயங்கி விழுந்து கதிரையில் கிடந்தான். தாதி பிள்ளையைத் துணியில் சுற்றி நேசமலரின் கையில்தான் கொடுத்தாள். அந்த நிமிஷத்தை நேசமலர் யாருக்கும் விவரித்துச் சொன்னதில்லை. சொன்னால் மேனுகாவுக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

விசா முடிகிற நேரத்தில், மக்காயில் சுபோதினிக்கும் நாள் நெருங்கியிருந்தது. கொழும்பில் ஒரு மாதமாவது நின்று, கடைக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்பது நேசமலரின் எண்ணம். முதலாளி இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டிருந்தார். மேனுகா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. துரொம்சோ எயாப்போர்ட்டில இருந்து மக்காய் எயாப்போர்ட்டுக்குப் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். பறக்கிற நேரம் பதினேழரை மணித்தியாலம்தான். கொழும்புக்குப் போய் இறங்கி ஏறினா வீண் அலைச்சல்."

"ஒரே பிளேனோ?"

"அப்பிடித்தானே போட்டிருக்கிறாங்கள். சாப்பிட்டிட்டுப் படுத்தீங்கள் எண்டா அங்க எழும்புவீங்கள்."

இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்கிற இணையப் பக்கம் அது. பூமியில் நூல் பிடித்ததுபோல ஒரு கோட்டைக் கீறி, அந்தக் கோட்டின் மேல் ஒரு விமானத்தைக் கற்பனையில் ஓடவிட்டு நேரம் சொல்லும். அப்படியொரு விமானம் ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. மேனுகா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கும் அனுப்பினாள். எஞ்சினியரும் அதைப் பார்த்து, பதினேழரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கழித்து நேரம் குறித்துக்கொண்டார். ஏஜன்சிக்காரன் போட்டுக் கொடுத்த டிக்கட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவின் விஷயந்தானே.

நேசமலர் ஏறியது ஐந்து விமானம். துரொம்சோவில் ஒன்று, ஒஸ்லோவில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, பிரிஸ்பேனில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நாள் காத்திருப்பு. கழிப்பறைக்குப் போனால் பையை யார் பார்ப்பது என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். சிங்கப்பூருக்குப் போகிற விமானத்தில், முன்னாலிருந்த சின்னத் திரையில் வரைபடம் ஓடியது. விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே வர, திரையின் ஓரத்தில் 'கொழும்பு' என்று எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நழுவிப் போய்விட்டது. வீட்டைத் தாண்டிப் போகிறேனே, என்னை இறக்கிவிடுங்கோவன் என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் வாயைத் திறந்தபடி நித்திரை. அவள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரிஸ்பேனில் சுங்கத்துக்காரர்கள் சரக்குத் தூளைக் கையுறை போட்ட விரல்களால் கிளறிப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அது அவர்களின் சட்டம், அவர்களைக் குறை சொல்லி என்ன? மக்காயில் இறங்கியபோது கால் இரண்டும் பேக்கரிப் பாண்போல வீங்கியிருந்தன. ஜனா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க அக்கா நிண்டனீங்கள்? நேற்றும் வந்திட்டுத் திரும்பிப் போனனான். ஒரு போன் எடுக்கத் தெரியாதே?"

அவள், "சுபோதினி எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டாள். காரில் வீடு வரும்வரை அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சுபோதினிக்குப் பிறந்த பிள்ளைக்கும் முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்து, அது தவழத் தொடங்கும்வரை நின்று, கொழும்புக்குத் திரும்பியபோது புறக்கோட்டைக் கடையில் அவளுடைய மேசையில் வேறொரு பெட்டை இருந்தாள். முதலாளி நல்ல மனிதர், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு அறையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுக் காலம் போகிறது.

அதற்குப் பிறகும் கூப்பிட்டபோதெல்லாம் போனாள். சுபோதினியின் இரண்டாவது பேற்றுக்கு, மேனுகாவின் கை முறிவுக்கு, ஜனா வீடு மாறியதற்கு. ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு படம் வரும். இத்தனை கிலோமீற்றர், இத்தனை மணித்தியாலம், 'கொஞ்ச நேரந்தான் அக்கா'. அந்த எண்ணை அவள் நம்பியது முதல் தடவை மட்டும்தான். பிறகெல்லாம் தெரிந்துகொண்டேதான் போனாள். துரொம்சோ என்றால் காரணம் ஹம்சிகா.

ஹம்சிகா ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் வருவாள். அவளுக்குத் தமிழ் கதைக்க வந்தது நேசமலரோடு கதைத்துத்தான். தாயும் தகப்பனும் வேலையால் வந்து நோர்வீஜிய மொழியில் சண்டை பிடிப்பார்கள். பன்னிரண்டு வயது முடிந்து சில மாதம் கழித்து, ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலிருந்து எடுத்தாள்.

"பெரியம்மா, எனக்கு வந்திட்டுது. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல."

"பயப்பிடாதை குஞ்சு. அம்மாவுக்கு முதல் சொல்லு. எனக்குச் சொன்னதெண்டு சொல்லாதை."

"சடங்கு வைப்பினம் என்ன? எல்லாரும் என்னைப் பாப்பினம். நீங்கள் வந்து பக்கத்தில நிக்க வேணும். இல்லாட்டி நான் சாரி உடுக்க மாட்டன்."

"நான் வராமல் ஆர் வாறது?" என்றாள் நேசமலர்.

ஆடி விடுமுறைக்குச் சாமத்தியச் சடங்கு என்று தீர்மானமானது. நேசமலர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள். காலி நகருக்குப் போகிற காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கி, பிள்ளையின் நிறத்துக்கு ஏற்ற மாம்பழ மஞ்சள் பட்டு ஒன்று எடுத்தாள். தனக்கும் ஒரு சாரி, ஊதாக் கரை போட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேறு பார்க்க அல்ல, சபையில் இருக்கப் போகிறாள். தையற்காரி ஜெஸீமாவிடம் பிளவுஸ் அளவு கொடுக்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தாள்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டு எடுத்தபோது மேனுகாவின் குரல் இளகி வந்தது.

"அக்கா, நான் யோசிச்சனான். உங்களுக்கும் அறுபதாகுது. கொழும்பில இருந்து இஞ்ச வந்து சேர முப்பத்தாறு மணித்தியாலம். கட்டுநாயக்கா எயாப்போர்ட்டுக்குப் போற நேரம், அங்க காத்திருக்கிற நேரம், ஒஸ்லோவில நிக்கிற நேரம், எல்லாம் கூட்டிப் பாத்தனான். கால் வேற வீங்கும் உங்களுக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. நான் வருவன்."

"இல்லை அக்கா. டொக்டர்மார் சொல்லுகினம், வயது போன ஆக்கள் அவ்வளவு நேரம் இருந்தா இரத்தம் கட்டுமாம். வீடியோவில பாருங்கோ, லைவ்வாப் போகும்."

பாருங்கள் கூத்தை. வேலைக்காரி தேவைப்பட்ட காலத்தில் பறக்கிற நேரம் மட்டும் கணக்கு. தேவையில்லாத காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வாடகை வான் போகிற நேரமும் கணக்கு. தூரம் அதே தூரம். நேசமலருக்கு இதெல்லாம் அந்தக் கணத்திலேயே விளங்கியது. ஆனால் தங்கை ஒருவேளை உண்மையாகவே பயப்படுகிறாளோ என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டு, அதையே நம்பினாள்.

அந்த நம்பிக்கை மூன்று வாரம் நின்றது. ஒருநாள் மத்தியானம் யாழ்ப்பாண பஸ் காலி வீதியில் நிற்க, அதிலிருந்து உமாசுதனின் தாயார் இறங்கினா. எழுபத்திநாலு வயது, இரண்டு முழங்காலிலும் பட்டி, மூன்று சூட்கேஸ். கட்டுநாயக்கா போகிற சொந்தக்காரர் எல்லாரும் முதலில் வந்து தங்குவது நேசமலரின் வீட்டில்தான், அது எழுதாத சட்டம். வாசலில் சிங்களக் காவற்காரன், "மிஸ், லிஃப்ட் எக்க கெடிலா" என்று கையைக் காட்டினான். லிஃப்ட் பழுதென்றால் யார் தூக்குவது? மூன்று சூட்கேஸையும் நாலாம் மாடிக்கு நேசமலர்தான் ஏற்றினாள். மாமி ஒவ்வொரு மாடியிலும் இருந்து இருந்து வந்தா.

"எங்க மாமி பயணம்?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஏன், உமக்குத் தெரியாதே? பேத்தியின்ர சடங்குக்கெல்லோ. வீல்செயார் போட்டிருக்கிறான் என்ர மோன். ஒரு அடி நடக்கத் தேவையில்லையாம்."

நேசமலர் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, அதைப் பற்றவைக்க மறந்து நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்கு ஏலுமே மாமி, முப்பத்தாறு மணித்தியாலம்?"

"சும்மா இருந்து போறதுதானே." மாமி காலை நீட்டிக்கொண்டு, நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லிவிட்டா. "நீர் மனசில வைக்காதையும் நேசம். மேனுகாவும் பாவம். ஆலாத்தி எடுக்கிறது ஏழு சோடிப் பொம்பிளையள், எல்லாம் கலியாணம் கட்டி வாழுற ஆக்கள். அக்கா வந்து மேடையில ஏறினா, கட்டாத பொம்பிளை எண்டு சனம் கதைக்கும். ஏறாமல் கீழ நிண்டா, சொந்தப் பெரியம்மாவை ஏத்தேல்லை எண்டு சனம் கேக்கும். வராமல் விட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். அதுதான் அவள் அப்பிடிச் செய்தவள்."

கீழே மாத்தறை ரயில் கடற்கரையோரமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. நேசமலர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். பத்து நாள் குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டியபோது அவள் கட்டாத பொம்பிளையாகத் தெரியவில்லை. மேனுகாவின் இரத்தத் துணியைத் தோய்த்தபோது தெரியவில்லை. மாமியைத் திட்டி என்ன பயன், அவ வாய் தவறி உண்மையைச் சொன்ன பாவி. மேனுகாவை எடுத்துத் திட்ட வேண்டும் என்று போனைக் கையில் எடுக்க, அதுவே அடித்தது. ஹம்சிகா.

திரையில் பிள்ளையின் முகம் வாடியிருந்தது.

"பெரியம்மா, நீங்கள் வர மாட்டன் எண்டு சொன்னீங்களாம். பிளேனில கனநேரம் இருக்க ஏலாதாம் எண்டு. அம்மா சொன்னவா."

கதிரையில் இருந்த மாமி, பதறிப்போய் விரலை உதட்டில் வைத்துக் காட்டினா. நேசமலர் பிள்ளையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை சாரி உடுக்காது. தாயோடு கதைக்காது. சபைக்கு முன்னால் அழுத முகத்தோடு நிற்கும். சொல்லாவிட்டால், வர ஏலும் என்றிருந்தும் வராத பெரியம்மாவாக அந்த மனதில் கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி தனக்குத்தான் என்று தெரிந்தது.

"ஓம் குஞ்சு," என்றாள். "பெரியம்மாவுக்கு ஏலாது."

"நீங்கள் வருவன் எண்டு சொன்னீங்கள்தானே."

"சொன்னனான்தான். இப்ப ஏலாமல் கிடக்கு."

பிள்ளை போனை வைத்துவிட்டது. அவ்வளவு வருஷத்தில் 'பாய் பெரியம்மா' சொல்லாமல் வைத்தது அன்றைக்குத்தான். பின்னேரம் மாமியை ஏற்ற வான் வந்தபோது, மாம்பழ மஞ்சள் பட்டை மாமியின் சூட்கேஸில் நேசமலரே மடித்து வைத்தாள். ஊதாக் கரைச் சாரியை அலுமாரியின் அடியில் தள்ளினாள்.

சடங்கன்று வாடகைக்கு இருந்த பெட்டைகள் மடிக்கணினியில் லைவ் போட்டுக் கொடுத்தார்கள். மக்காயிலிருந்து ஜனா குடும்பத்தோடு போயிருந்தான், தாய்மாமன் என்று பட்டு வேட்டியோடு நடுவில் நின்றான். அதே பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர்தான், களைப்பு முகத்தில் ஒரு துளி இல்லை. மாமியை வீல்செயாரோடு மேடையில் ஏற்றினார்கள். ஹம்சிகா மஞ்சள் பட்டில்தான் வந்தாள், சிரிக்கவில்லை. மேனுகா மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னாள். "கொழும்பில இருக்கிற எங்கட அக்கா உடம்புக்கு ஏலாமல் படுத்த படுக்கையா இருக்கிறபடியா வர முடியேல்லை" என்றாள். சபை 'ச்ச்' கொட்டியது. படுத்த படுக்கையாக இருந்த அக்கா, லிஃப்ட் இன்னும் திருத்தாததால் அன்று காலையும் அரிசி மூட்டையோடு நாலு மாடி ஏறியிருந்தாள். மடிக்கணினியை மூடச் சொன்னாள். ஹம்சிகா அதற்குப் பிறகு பின்னேரங்களில் எடுப்பதில்லை.

ஆவணி பிறந்து ஒருநாள் ஜனா எடுத்தான். சுகம் விசாரித்தான், சடங்கு நன்றாக நடந்ததென்றான், பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, சுபோதினிக்கு முதுகில ஆபரேஷன். ஆறு கிழமை அசைய ஏலாது. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம். நீங்கள் ஒரு மூண்டு மாசம் வந்து நிண்டீங்கள் எண்டா பெரிய உதவி."

"நான் படுத்த படுக்கையெல்லோ?"

"அது... சும்மா சபைக்குச் சொல்லுறதுதானே அக்கா." சிரித்துச் சமாளித்தான். "ஒரு படம் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ. கொழும்பில இருந்து மக்காய் எண்ணாயிரம் கிலோமீற்றர்தான். பதினொரு மணித்தியாலங்கூட இல்லை."

நேசமலர் படத்தைத் திறந்து பார்த்தாள். அதே பக்கம், அதே நேர்க்கோடு.

"தம்பி, இந்தப் பிளேன் எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?"

"எந்தப் பிளேன்?"

"பதினொரு மணித்தியாலத்தில வாற பிளேன். இஞ்ச ஏறினா உன்ர ஊரில நேரே இறக்கிற பிளேன்."

"அப்பிடி ஒண்டு இல்லை அக்கா. அது சும்மா ஒரு கணக்குக்குப் போடுறது."

"இல்லையெண்டு எனக்குத் தெரியும். கால் வீங்கி வந்து உன்ர முகத்தைப் பாத்த நாளில இருந்து தெரியும். அது ஓடத் தொடங்கினோடன சொல்லு தம்பி. அதில வாறன்."

அவன் 'அக்கா, அக்கா' என்று கூப்பிடக் கூப்பிட வைத்துவிட்டாள். குசினியில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. போய் இறக்கினாள். சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்க மறுபடி மணி அடித்தது. ஹம்சிகாவாக இருக்குமோ என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மேனுகா. அடித்து ஓயட்டும் என்று சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.